நேராக நின்ற புகை

இந்தக் கதையை நான் மாற்றிச் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. எந்த இடுக்கை முதலில் அடைத்தார்கள் என்பதே எனக்குக் குழம்பிவிடும். ஆனாலும் சொல்கிறேன்.

மலைமேல் ஒரு சின்ன வீட்டில் ஒரு தாய் எலி தன் குட்டிகளோடு இருந்தாள். குளிர் கடுமை. அறை நடுவில் இருந்த கரி அடுப்பு முணுமுணுத்தது. "நான் வெந்து வெந்து கொடுக்கிற சூடெல்லாம் இடுக்கு வழியாப் போகுது. இருக்கிற கரி இந்தக் குளிருக்குப் பத்தாது, பார்த்துக்கோ."

எலி பயந்துபோய், இடுக்குகளைக் கண்டுபிடிக்க ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தினாள். அதன் புகை எங்கே வளைந்ததோ அங்கே துணியைத் திணித்தாள்.

"சீக்கிரம் அக்கா, நான் பாதி கரைஞ்சாச்சு" என்றது ஊதுபத்தி.

ஜன்னல் ஓரம் அடைபட்டது. கூரைச் சந்து அடைபட்டது. கடைசியில் கதவடியும் அடைபட்டது. புகை ஆடாமல் நேராக நின்றது.

"ஜெயிச்சிட்டோம்!" என்றாள் எலி. குட்டிகளின் கீச்சுச் சத்தம் அடங்கியது. கதகதப்பில் தூங்குகின்றன என்று நினைத்தாள். அவளுக்கும் தலை கனத்தது.

"அக்கா, நான் ஏன் மங்கறேன்? இன்னும் மிச்சம் இருக்கேனே!" என்றது ஊதுபத்தி.

எலி திடுக்கிட்டுக் கடைக்குட்டியின் வாலைக் கடித்தாள். அது கத்தவில்லை.

தள்ளாடிப் போய்க் கதவைத் திறந்தாள். காற்று உள்ளே பாய்ந்தது.

"மூடு, மூடு! என் சூடு போகுது!" என்று அடுப்பு கத்தியது.

கடைக்குட்டி தும்மியது. மற்றக் குட்டிகளும் ஒவ்வொன்றாக நெளிந்தன.

எலி அடுப்பை வெளியே தள்ளினாள். அறையில் கரியின் விஷக்காற்று போய் நல்ல காற்று வரும்வரை நடுங்கியபடி காத்திருந்தாள். பிறகுதான் கதவைச் சாத்தி, துணிகளைப் பழையபடி செருகி, குட்டிகளைத் தன் வயிற்றுக்கடியில் இழுத்துக்கொண்டாள்.