ஐந்து நாட்டு ஒப்பந்தம்

"எங்க நாடு இந்த ஒப்பந்தத்துல இருந்து விலகிக்குதுங்க."

ஒருவழியாகச் சொல்லிவிட்டார் ரங்கன். ஜமுனாமரத்தூர் சந்தைத் திடலில் உட்கார்ந்திருந்த மற்ற நான்கு நாட்டாண்மைகளும் அவரை முறைத்தார்கள்.

மலையில் பல ஊர்கள் சேர்ந்தால் ஒரு நாடு, அதற்கு ஒரு நாட்டாண்மை. அப்படி ஐந்து நாடுகள் கூடி, 1979ஆம் வருஷம் மாசியில் மாரியம்மன் கோயிலில் சத்தியம் செய்திருந்தன. பேசிய விலைக்குக் குறைத்து எந்த நாடும் புளி விற்கக் கூடாது. சித்திரையும் வந்துவிட்டது, அந்த விலைக்கு ஒரு வியாபாரிகூட மலையேறி வரவில்லை.

"இன்னா சம்பந்தி இது? சத்தியம் இன்னாத்துக்குப் பண்ணோம்?" என்று எகிறினார் சக்கரவர்த்தி. ஒப்பந்தத்துக்கு ஆள் கூட்டியவரே அவர்தான். போதாததற்கு, ரங்கன் மகள் அம்சவல்லியை அவர் பையனுக்கு வைகாசியில் கட்டுவதாகப் பேச்சு. சில நாட்களாக ரங்கனுக்குச் சோறு இறங்காததற்குக் காரணம் புளி இல்லை, அந்தக் கல்யாணம் நின்றுவிடுமோ என்ற பயம்தான்.

"மழை வர்றாப்புல கீதுங்க. வூட்டுல கொட்டி வச்ச புளியெல்லாம் கறுத்துப் போவுது. ஜனங்க என்னைப் புடுங்கி எடுக்குது. நான் இன்னா பண்ணட்டும்?"

"மழை உங்களுக்கு மட்டுந்தானா? நாங்க நாலு நாடும் வாயைக் கட்டிக்கினு இல்லியா?"

மற்ற மூவரும் ஆமாம் என்று தலையை ஆட்டிய ஆட்டில் தலைப்பாகையே கழன்றுவிடும் போலிருந்தது.

"சரி, முறைன்னு ஒண்ணு கீது. ஒப்பந்தம் முறிஞ்சதுக்குத் துரும்பைக் கிள்ளிப் போட்டுட்டுப் போங்க. அபராதமா எங்களுக்கு ஒரு கிடா வெட்டிப் போட்டுடணும்" என்றார் சக்கரவர்த்தி.

ரங்கன் கீழே கிடந்த துரும்பை எடுத்துக் கிள்ளிப் போட்டார். கிடாவுக்கும் தலையாட்டினார்.

"கல்யாணம்..." என்று இழுத்தார்.

சக்கரவர்த்தி வேறு பக்கம் பார்வையைத் திருப்பிக்கொண்டார். "புளி வேற, பொண்ணு வேற. அம்சவல்லி எங்க வூட்டு மருமவதான். போய் வேலையைப் பாருங்க."

அப்பாடா! ரங்கனுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. தங்கமான மனுஷன், இவருக்குப் போய்ப் பயந்தோமே என்று வழியெல்லாம் தன்னையே திட்டிக்கொண்டு, அன்று மதியமே பஸ் பிடித்து மலையடிவாரத்து ஆலங்காயத்தில் இறங்கினார். நேரே புளி வியாபாரி பிலிப்ராஜின் கிடங்குக்குப் போனார்.

"எங்க நாட்டுப் புளியை எடுத்துக்கறீங்களா? நீங்க சொல்ற விலைக்கே தர்றோம்."

"வாங்க, வாங்க! உங்களுக்குன்னுதான் அந்த ஓரத்தைக் காலியா வுட்டு வச்சிருக்கேன்."

"நான் வருவேன்னு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

பிலிப்ராஜ் கிடங்கு முழுக்கக் கூரை முட்ட அடுக்கியிருந்த மூட்டைகளைக் காட்டிச் சிரித்தார்.

"இதெல்லாம் மத்த நாலு நாட்டுப் புளிதான். மொத லாரியே சக்கரவர்த்தியோடது. 'எங்க சம்பந்தி சத்தியத்துக்குப் பயந்தவரு, கடைசியாத்தான் வருவாரு, அவருக்குக் கொஞ்சம் எடம் வுட்டு வைங்க'ன்னு போன மாசமே சொல்லிட்டுப் போய்ட்டாரே!"