நாலும் ஓடணும்

“நாலு தறியும் இங்கேயே இருக்கணும். நாலும் ஓடணும். ஒண்ணு குறைஞ்சாலும் நான் ஒத்துக்க மாட்டேன்” என்றாள் ரூஃபினா.

நிக்கானோர் மீசையைத் தடவிக்கொண்டார். ஆலையை மூடிய வாரம் வளர்க்க ஆரம்பித்த மீசை. ஒன்பது வருடத்தில் அது அவர் வாயையே மூடிவிட்டது.

சாந்தா ரீத்தா ஊரின் பழைய நெசவாலையை நகராட்சி ஊர்க்காரர்களிடமே கொடுத்துவிட்டது. நெசவுக்கூடத்தை ஊர்க்கூடமாக மாற்றும் குழுவுக்கு நிக்கானோர்தான் தலைவர். கூரை மாற்றியாயிற்று, வெள்ளையடித்தாயிற்று. மூலையில் மிச்சமிருந்த நாலு தறிகள்தான் தொல்லை. திங்கட்கிழமை பழைய இரும்புக்காரன் லாரியோடு வருகிறான்.

“ரூஃபினா, புள்ளைங்க பார்க்கறதுக்கு ஒண்ணு போதாதா? அதையும் சும்மா நிறுத்தி வெச்சுட்டா, மிச்ச இடத்துல ஆறு டொமினோ மேசை போடலாம்.”

“ஒண்ணு ஓடினா சத்தம் பத்தாதுண்ணே.”

காப்பிப் பானையைக் கிளறிக்கொண்டிருந்த குழுக்காரி சாயோவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “கேட்டீங்களா கதையை! நாலு சனம் உக்காந்து பேசட்டும்னு கூடம் கட்டறோம். இவளுக்கு சத்தம் பத்தலையாம்!”

“பேசறதுக்குத்தான்டி நானும் கேக்கறேன்.”

சொல்லும்போதே ரூஃபினாவின் குரல் உடைந்தது. சோள ரொட்டிக் கடையில் வேலை முடிந்ததும் இரண்டு மாதமாகத் தினமும் இங்கே வந்து, அந்தத் தறிகளின் துருவைச் சுரண்டி, எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தவள் அவள். அவளும் இதே கூடத்தில் நெய்தவள்தான்.

“வாராவாரம் சனிக்கிழமை ஒரு மணி நேரம் ஓட்டினா போதும். அதுக்கு மேல கேக்க மாட்டேன்.”

“எதுக்குன்னாவது சொல்லும்மா.”

“சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கேன், சொல்லக் கூடாது. நாளைக்குப் பூசை முடிஞ்சதும் ஓட்டிக் காட்டறேன். பார்த்துட்டு அப்புறம் லாரிக்காரனை வரச் சொல்லுங்க. எலாடியோவையும் கூட்டிட்டு வரேன்.”

அந்தப் பெயரைக் கேட்டதும் நிக்கானோரின் முகம் சுண்டிப் போயிற்று. எலாடியோ, ரூஃபினாவின் கணவர். இருபத்தாறு வருடம் நிக்கானோருக்கு எதிர்த்தறியில் நின்றவர். எலாடியோவின் மகளுக்கு நிக்கானோர்தான் ஞானத்தகப்பன்.

“அவனா வரப்போறான்? குடுக்கறதை வாங்கிட்டு ஆலையை மூட ஒத்துக்கலாம்னு சங்கக் கூட்டத்துல எல்லாரும் கையைத் தூக்கினோம். முன்வரிசையில உக்காந்துட்டு உன் புருஷன் ஒருத்தன்தான் தூக்கல. அன்னிலேருந்து எங்களையெல்லாம் துரோகியாத்தான் பார்க்கறான். கோயில் வாசல்ல பின்னாலேயே போய் மூணு தடவை கூப்பிட்டேன், திரும்பல. நேர்ல நின்னு பேசினா மூஞ்சியவே முறைச்சுப் பார்த்துட்டு விறுவிறுன்னு போயிடறான். அப்படி என்ன வீம்பு?”

ரூஃபினா கண்ணைத் துடைத்துக்கொண்டு எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்தாள்.

மறுநாள் எலாடியோ வந்தார். யாருக்கும் வணக்கம் சொல்லவில்லை. தொப்பியை முழங்காலில் வைத்துக்கொண்டு கடைசி நாற்காலியில் தனியாக உட்கார்ந்தார். பழைய நெசவாளர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள். “துரை வந்துட்டார்” என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

ரூஃபினா விசையைத் தட்டினாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு.

கூடமே அதிர்ந்தது. சாயோ காதைப் பொத்திக்கொண்டு ஏதோ கத்தினாள். யாருக்கும் ஒன்றும் கேட்கவில்லை.

நெசவாளர்கள் கத்தவில்லை. இந்த இரைச்சலில் கத்திப் பிரயோசனமில்லை என்று வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே தெரிந்துகொண்டவர்கள் அவர்கள். பழக்கதோஷம், ஒருவரையொருவர் நேருக்கு நேர் பார்த்து, வாயை அகலத் திறந்து, குரலே இல்லாமல் உதட்டால் பேச ஆரம்பித்தார்கள். அந்தக் காலத்தில் கூடத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு அப்படித்தான் வம்பளந்தார்கள், சண்டை போட்டார்கள், காதல்கூடச் செய்தார்கள். உதடு தெரிய வேண்டுமே என்று அங்கே எந்த ஆணும் மீசை வைத்ததில்லை.

எலாடியோ எழுந்து வந்தார். யாரோ எதையோ கேட்க, இவர் உதட்டை அசைத்துப் பதில் சொல்ல, நாலு பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். எலாடியோவும் தொடையைத் தட்டிச் சிரித்தார். நிக்கானோர் அந்தச் சிரிப்பைப் பார்த்து ஒன்பது வருடமாயிற்று. என்ன கோபமோ, இருந்துவிட்டுப் போகட்டும். அவர் ரூஃபினாவைப் பார்த்து நாலு விரலைக் காட்டினார். நாலும் இருக்கட்டும். அவள் முந்தானைத் துணியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

எலாடியோ தன் பழைய தறியருகே, நிக்கானோருக்கு எதிரே வந்து நின்றார். மீசையைச் சுட்டிக்காட்டி உதட்டை அசைத்தார். “அந்தத் தொடப்பத்தைத் தூக்குடா. ஒரு வார்த்தைகூடத் தெரியல.”

நிக்கானோர் இரண்டு விரலால் மீசையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, குரலில்லாமல் கேட்டார். “ஒன்பது வருஷமா ஏன்டா பேசல? கையைத் தூக்கினதுக்கு இவ்வளவு கோபமா?”

எலாடியோ திகைத்துப்போய் அவரையே பார்த்தார். பிறகு ஒவ்வொரு வார்த்தையாக உதட்டை அசைத்தார்.

“கோபமா? ஆலை மூடறதுக்கு முந்தியே என் ரெண்டு காதும் போச்சுடா. வெக்கமா இருந்துச்சு, யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு இவகிட்ட சத்தியம் வாங்கிட்டேன். அன்னிக்குக் கையைத் தூக்கச் சொன்னதே எனக்குக் கேக்கல. அப்புறம் பார்த்தா நீயும் மீசையை வளர்த்துட்டே.”