நாலு எண் பூட்டு

சம்பவ நேரத்தில் ஹாலில் இருந்தவர்கள் மூன்று பேர். டிவிக்கு நேரே பிரம்பு நாற்காலியில் பழனிசாமி, பாயில் ஹோம்வொர்க்கோடு மகள் சௌமியா, சமையலறை வாசலில் டீ டம்ளரோடு மனைவி மரகதம். டிவிக்கு மேலே கல்யாண போட்டோவில் இருந்த இரண்டு பேரைப் பழனிசாமி கணக்கில் சேர்க்கவில்லை.

"உண்மையைச் சொல்லிடுங்க. நம்பரை மாத்தினது யாரு?"

சாயங்காலம் வரும் கொலைத் தொடரை மகள் பார்க்கக் கூடாது என்று அந்தச் சேனலுக்கு அவரே போட்ட பூட்டு. தினமும் அவளை உள்ளே அனுப்பிவிட்டு, நாலு எண்ணையும் முணுமுணுத்தபடி அழுத்தித் திறந்து, தான் மட்டும் பார்ப்பார். இன்று 'தவறான எண்' என்கிறது பெட்டி.

"எனக்குச் சத்தம் கூட்டக்கூடத் தெரியாதுங்க," என்று மரகதம் டீயை நீட்டினாள்.

"முதல்ல நீ ஒரு வாய் குடி."

தொடரில் ஒருத்தி புருஷனுக்கு டீயில் விஷம் கலந்ததிலிருந்து இப்படித்தான். போன வாரம் தீவுக்குக் கடல் தாண்டி மெயின்லாண்டில் இருக்கும் அண்ணனிடம் மரகதம் பத்து நிமிஷம் பேசியதற்கு, போனைப் பிடுங்கி நம்பரைச் சரிபார்த்தார். அதற்கப்புறம் அவள் அண்ணனோடு பேசவேயில்லை.

மரகதம் ஒரு வாய் குடித்துவிட்டுக் கொடுத்தாள். "எல்லாத் தேதியும் போட்டுப் பார்த்தீங்களா?"

"ஞாபகம் இருக்கிறது எல்லாம் போட்டாச்சு. என் பிறந்த நாள், பாப்பா பிறந்த நாள், வேலையில சேர்ந்த நாள், சுனாமி வந்த நாள்..."

டிஷ் மாட்டிக்கொடுத்த ஹரிஹரனுக்குப் போன் போட்டார்.

"அண்ணா, இதர் சப் டீக் ஹை. இங்க ஒரு கோளாறும் இல்ல, நம்ம சௌல்தாரி ஊர் முழுக்க நல்லா ஓடுது."

போனை வைத்தவர் குரலைத் தாழ்த்தினார். "பார்த்தியா? என் வீட்டை மட்டும் குறிவச்சிருக்கு கவர்ன்மென்ட். டிவியில கொலை காட்டக் கட்டுப்பாடு வரும்னு பேப்பர்ல போட்டிருந்தானே? பாப்பா, டில்லிக்கு ஒரு லெட்டர் எழுது. ஹிந்தியிலயே எழுது."

அவர் தமிழில் சொல்லச் சொல்ல சௌமியா ஹிந்தியில் எழுதினாள். 'என் வீட்டில் யார் எதைப் பார்க்கலாம் என்று முடிவு செய்ய வேண்டியவன் பெற்றோராகிய நான். அரசு அல்ல.'

"அப்பா, பூட்டுக்குத் 'தாலா'ன்னே போட்டுடவா?"

"போடு. சாவியை ஒளிச்சு வச்சிருக்காங்கன்னும் சேர்த்துப் போடு."

கையெழுத்துப் போட்டார். கவருக்குப் பசை தடவி ஒட்டியது மரகதம்தான். கறிவேப்பிலை வாங்குகிற சாக்கில் அம்மாவும் மகளும் கடைத்தெருத் தபால் பெட்டி வரை நடந்தார்கள்.

கவர் உள்ளே விழுந்த சத்தம் கேட்டதும் சௌமியா கேட்டாள். "டில்லிக்காரங்க பூட்டைத் திறந்துடுவாங்களாம்மா?"

மரகதம் போனை எடுத்து அண்ணன் நம்பரை அழுத்திக்கொண்டே சொன்னாள்.

"அவங்களாலயும் முடியாதுடி. அது எங்க கல்யாணத் தேதி."