மீன்முள் வரிசை

கூடத்துத் தரையில் நடுவெல்லாம் டைல் போட்டு முடிந்துவிட்டது. சுவரோரம்தான் பாக்கி.

மீன்முள் வரிசையில் அதுதான் தொல்லை. டைல்கள் சாய்ந்து சாய்ந்து போய்ச் சுவரில் முட்டும். முட்டுகிற இடத்திலெல்லாம் முக்கோணத் துண்டு. ஒவ்வொன்றையும் அளந்து வெட்ட வேண்டும்.

நேர் வரிசை போதும் என்று அவன் எவ்வளவோ சொன்னான். அவள் கேட்கவில்லை. ஊரார் வீட்டுக்கெல்லாம் பார்த்துப் பார்த்துப் போட்டோம், நம் வீட்டுக்கு மட்டும் ஏனோதானோவா என்றாள். அதைச் சொல்லி முடிப்பதற்குள் மூன்று தடவை மூச்சு வாங்கினாள்.

மறுநாளே அவன் மீன்முள்ளுக்குக் கோடு போட்டான்.

அவன் டைல் கொத்தனார். கல்யாணமான மறுமாதமே அவளும் கூட வந்துவிட்டாள். அவன் வெட்டுவான், அவள் பிடித்துக்கொள்வாள். பன்னிரண்டு வருஷம். சாயங்காலம் பார்த்தால் அவள் தலை, புருவம், இமை எல்லாம் தூசி படிந்து வெள்ளையாக இருக்கும். கிழவி என்று கேலி செய்வான். அவளும் சிரிப்பாள்.

இப்போது அவளுக்கு நாற்பது வயது. அடுப்படியிலிருந்து வாசலுக்கு வருவதற்குள் எங்காவது உட்கார்ந்துவிடுகிறாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்கத்தான் செய்தார். என்ன வேலை, தூசியில் நிற்கிற வேலையா என்று.

"வேலையெல்லாம் இல்ல சார். வீட்லதான் இருக்கேன். இவருக்குக் கூடமாட ஒத்தாசை, அவ்வளவுதான்."

பொய் சொல்லவில்லை. அவளுக்கென்று யாரும் கூலி தந்ததில்லை. கூலி இல்லாததற்கு வேலை என்று பேர் கிடையாது. அவனுக்கும் அன்று அது தப்பாகத் தெரியவில்லை. தலையாட்டினான்.

காசநோய் மாத்திரை கொடுத்தார்கள். ஆறு மாதமாகத் தின்கிறாள்.

போன வாரம், கூட வேலை பார்த்த மரியசெல்வத்தைப் பார்க்கப் போனான். அதே இருமல். அதே மூச்சு. கல்தூசி நெஞ்சில் இறங்கிவிட்டதாம். இனி மருந்து கிடையாதாம். வெட்டும்போது தண்ணீர் விட்டிருந்தால் தூசியே கிளம்பியிருக்காது என்று அவருடைய டாக்டர் சொன்னாராம்.

அவன் பஸ் ஏறவில்லை. வீடு வரைக்கும் நடந்தே வந்தான்.

இன்னும் அவளிடம் சொல்லவில்லை. நாளைக்கு மறுபடி ஆஸ்பத்திரி. டாக்டரிடமாவது சொல்லியாக வேண்டும். அவளும் பக்கத்தில்தான் இருப்பாள்.

பயமாக இருந்தது. அவள் போய்விடுவாள் என்பது ஒரு பயம். அதற்கு முன்னால் ஒரு தடவை அவனைத் திரும்பிப் பார்ப்பாளே, அது அதைவிடப் பெரிய பயம்.

கட்டரைக் கொல்லைக்குக் கொண்டுபோனான். தண்ணீர் பாட்டிலின் மூடியில் ஆணியால் ஓட்டை போட்டான். டைலைக் காலால் மிதித்துக்கொண்டு, ஒரு கையில் பாட்டிலும் ஒரு கையில் கட்டருமாகக் குனிந்தான். டைல் நழுவி உடைந்தது.

சத்தம் கேட்டு அவள் சுவரைப் பிடித்துப் பிடித்து வந்தாள். உள்ளே போ என்றான். அவள் எதிரே உட்கார்ந்து, அடுத்த டைலை எடுத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

அவன் பாட்டிலைச் சாய்த்தான்.

"தண்ணி எதுக்குங்க? கோடு அழிஞ்சிரும்."

அது அவன் சொன்னது. முதல் நாள் வேலையில், தூசி தாங்காமல் ஒரு சொம்புத் தண்ணீரோடு வந்து நின்றவளிடம் அவன் சொன்னது.

பென்சில் கோடு கரைந்து ஓடியிருந்தது. பார்த்தீர்களா என்பதுபோல் சிரித்தாள். டைலைப் புடவையால் துடைத்தாள். அவன் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்துக் கோட்டைத் திரும்பப் போட்டாள். பாட்டிலை எட்டத் தள்ளி வைத்தாள்.

அவன் வாயைத் திறந்தான்.

அதற்குள் அவள் டைலை இறுகப் பிடித்து, முந்தானையைப் பல்லில் கடித்து, கண்ணை மூடிக்கொண்டாள்.

அவன் வெட்டுவதற்காகக் காத்திருந்தாள்.