பச்சை வெள்ளை மஃப்ளர்

"தம்பி, கந்தவேள்காரன் ஒருத்தன் இங்கை வந்து இறங்கியிருக்கிறானாம்."

ஏதோ ஊருக்குள் கள்ளன் புகுந்துவிட்ட மாதிரி ராசா அண்ணை குரலைத் தாழ்த்திக்கொண்டார். மகேந்திரன் திடுக்கிட்டு நிமிர்ந்தான்.

"ஆர் சொன்னது அண்ணை?"

"எங்கடை ஹோட்டல் செஃப். பக்கத்து ஹோட்டலிலை கோப்பை கழுவ ஒரு தமிழ்ப் பெடியனைப் பிடிச்சிருக்கினம். கந்தவேள் கொலிஜ்ஜிலை பந்தடிச்சவனாம். ரெண்டு தமிழர் இந்த வாங்கிலை இருப்பினம், போய்ப் பார் எண்டு செஃப் சொல்லியும் விட்டிட்டார்."

இன்டர்லாக்கன் என்ற அந்த வெளிநாட்டு ஊர் ஹோட்டல்களில் மத்தியானச் சமையல் முடிந்தால், இரவுச் சமையல் தொடங்கும்வரை அடுப்படி ஆட்களுக்கு ஓய்வு. அந்த நேரத்தில் இருவரும் புல்வெளி ஓரத்து வாங்குப் பலகையில் வந்து உட்காருவார்கள். எதிரே நிற்கும் பனிமலையைப் படம் பிடிக்க எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்து குவிவார்கள். இவர்கள் மட்டும் மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, யாழ்ப்பாணத்தில் தங்கள் பரமானந்தாக் கல்லூரி, கந்தவேள் கல்லூரியிடம் வாங்கிய உதையைப் பற்றிக் கதைப்பார்கள். வருஷா வருஷம் கால்பந்துப் போட்டி. வருஷா வருஷம் பரமானந்தாவுக்குத் தோல்வி. கதைக்கு என்ன பஞ்சம்?

"எழுபத்தெட்டிலை வாங்கினமே, அதை மறக்கேலுமோ?" அண்ணை வழக்கம்போல் தொடங்கினார். "பந்தைப் பின்னுக்குக் குடுத்து, எங்கடை ஆக்களை முன்னுக்கு இழுத்து, பேந்தல்லோ அடிச்சவங்கள். நாலு கோல்! உது சும்மா வாற விளையாட்டில்லைத் தம்பி. ஆரோ இருந்து பழக்கினது."

எதிரியையும் இப்படிப் புகழ்வதற்குப் பெரிய மனசு வேண்டும் என்று மகேந்திரன் நினைத்துக்கொண்டான்.

"எழுபத்தொண்டும் அப்பிடித்தான் அண்ணை. கடைசி நிமிசத்திலை அந்த லெஃப்ட் விங்காரன் அடிச்சான் பாருங்கோ. நான் அழுதுகொண்டுதான் வீட்டை போனன்."

சொல்லும்போது அவன் இடது கால் தன்பாட்டில் ஒருமுறை ஆடியது. அந்த லெஃப்ட் விங்காரன் அவனேதான். பரமானந்தா வாசலை அவன் மிதித்ததுகூட இல்லை. வெற்றிக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு அவன் பல்லிளித்து நிற்கும் படம் இன்றைக்கும் கந்தவேள் மண்டபத்தில் தொங்குகிறது.

பொய் சொல்ல வேண்டும் என்று அவன் வரவில்லை. அண்ணையைச் சந்திக்குமுன் மாதக்கணக்காக அவன் காதில் ஒரு தமிழ்ச் சொல் விழுந்திருக்கவில்லை. சட்டி பானையோடு கதைத்துக் கதைத்து, தனக்குப் பைத்தியம் பிடித்துவிடுமோ என்றே பயந்துபோயிருந்தான். அப்படிப்பட்ட நாளில் ஸ்டேஷன் வாசலில் நம்மவர் ஒருவர் நின்றார். கழுத்தில் பச்சை வெள்ளை மஃப்ளர். பரமானந்தாவின் கொடி நிறம்! மகேந்திரன் ஓடிப்போய், "அண்ணை, நீங்கள் பரமானந்தாவோ?" என்று கேட்டான். அவர் அவனை ஒரு கணம் பார்த்துவிட்டு, "ஓம்" என்றார். "நீர்?"

கந்தவேள் என்று சொல்ல நாக்கு எழும்பவில்லை. போட்டி முடிந்தால் இரண்டு கல்லூரிக்காரரும் ஒரே பஸ்ஸில் ஏற மாட்டார்கள். அப்படி ஒரு பகை. கிடைத்த ஒரே ஒரு மனிதரை இழக்க முடியுமா? "நானும் பரமானந்தாதான்" என்றான். அன்றிலிருந்து, தான் அடித்த கோலுக்குத் தானே ஒப்பாரி வைத்துக்கொண்டிருக்கிறான்.

இப்போது அந்தப் பெடியன் வந்து மண்டபத்துப் படத்தைப் பற்றி வாயைத் திறந்தால் எல்லாம் முடிந்தது. அண்ணை எழும்பிப் போய்விடுவார். மறுபடியும் சட்டி பானைதான்.

"இண்டைக்கு நேரத்தோடை போவமோ அண்ணை?" என்றான்.

"ஓமோம், எழும்பும்." அண்ணை அவனுக்கு முந்தி எழுந்துவிட்டார். "கந்தவேள்காரனோடை எங்களுக்கென்ன கதை? மூஞ்சியிலையும் முழிக்கக் கூடாது."

அந்தச் சொல் மகேந்திரனுக்குச் சுருக்கென்று தைத்தது. நல்லகாலம் சொல்லாமல் விட்டோம் என்று எண்ணிக்கொண்டான்.

இரண்டடி வைத்திருக்க மாட்டார்கள். சமையலறைக் கட்டம்போட்ட காற்சட்டையோடு ஒரு பெடியன் தெருவைக் கடந்து ஓடிவந்தான்.

"அண்ணையவை, நில்லுங்கோ! நான் தவச்செல்வன்..."

மகேந்திரன் முகத்தை மலைப்பக்கம் திருப்பிக்கொண்டான். வாழ்நாளில் அந்த மலையை அவன் அவ்வளவு உற்றுப் பார்த்ததில்லை. பெடியன் கிட்ட வந்தான். காலடி நின்றது. பிறகு ஒரு கத்தல்.

"சேர்!"

மகேந்திரன் திரும்பிப் பார்த்தான். பெடியன் ராசா அண்ணையின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு குதித்தான்.

"சிவானந்தராசா சேர்! என்னைத் தெரியேல்லையோ? எழுபத்தெட்டிலை பரமானந்தாவுக்கு நாலு கோல் அடிக்கப் பழக்கினீங்களே, அந்த டீமிலை கடைசிச் சின்னப் பெடியன் நான்தான்! கந்தவேளுக்கு உங்களை மாதிரி ஒரு கோச் பேந்து வரவேயில்லை சேர்!"

அண்ணை பெடியனைப் பார்க்கவில்லை. பிடிபட்ட பிள்ளையைப்போல் மகேந்திரனையே பார்த்தபடி நின்றார்.

"அப்ப... இந்த மஃப்ளர்?" மகேந்திரன் அவர் கழுத்தைச் சுட்டிக் காட்டினான்.

"வந்த புதிசிலை இங்கத்தை சேர்ச் பாதிரியார் குளிருக்குத் தந்தது. அண்டைக்கு நீர் அவ்வளவு ஆசையாய்க் கேட்டனீர், இல்லையெண்டால் திரும்பிப் போயிடுவீரெண்டு பயந்திட்டன்." அண்ணை மஃப்ளரைக் கழற்றிக் கையில் சுருட்டினார். "இனி இந்தக் கந்தவேள்காரனோடை கதைப்பீரோ தம்பி?"