ஆஜர் சொல்லாத கார்டு

"இன்னிக்கும் இல்லைன்னுதான் பதில்" என்று அவர் போனை வைத்ததும், மகளுக்குப் பார்த்த வரன் தட்டிப்போனதாகவே பக்கத்து வீட்டில் முடிவு கட்டினார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. ஒன்பது நாளாக மனுஷர் முகம் அந்த லட்சணத்தில்தான் இருந்தது.

இல்லையென்றது, கம்ப்யூட்டரை இன்டர்நெட்டோடு இணைக்கும் ஒரு நெட்வொர்க் கார்டு.

கம்ப்யூட்டரைப் போட்டதும் முதல் ஆளாக ஓடி, உள்ளே யார் யார் இருக்கிறார்கள் என்று ஆஜர் எடுக்கும் நிரல் ஒன்று உண்டு. யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று திறந்துவிட்ட அந்த நிரல்தான் இவருக்குப் பித்து. வெளியூர் நூலகத்தில் மச்சினன் கட்டிக் காக்கும் பன்னிரண்டு கிழட்டுக் கம்ப்யூட்டர்களிலும் அதைப் போட்டால், மற்றதெல்லாம் ஆஜர். கார்டு மட்டும் வாய் திறக்கவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் இன்டர்நெட் வராவிட்டால் கம்ப்யூட்டர்கள் பழைய இரும்புக் கடைக்கு; மச்சினன் வேலை போய் வீட்டுக்கு.

இவர் தினமும் திருத்தி அனுப்புவார். மச்சினன் அதைக் கம்ப்யூட்டரின் சிப்பில் ஏற்றி, திரையில் வந்ததைத் திருப்பி அனுப்புவான். ஒன்பது பதிலும் ஓர் எழுத்துகூடப் பிசகாமல் ஒரே மாதிரி. இவர் கார்டின் பிடிவாதத்தைத்தான் திட்டினார்.

"ஊர் மெஷினுக்கெல்லாம் வைத்தியம் பாக்கறீங்க. என் தம்பின்னா மட்டும் கை வராது" என்றாள் மனைவி.

"உன் வீட்டு ஆளுங்க மாதிரிதான் அந்தக் கார்டும். கூப்பிட்டா திரும்பிப் பாக்காது."

அவள் சிரிக்கவில்லை.

பத்தாவதாக, கார்டு கண் விழிக்கக் கொஞ்சம் அவகாசம் கொடுத்து எழுதினார். இதுதான் கோளாறு என்று அடித்துச் சொல்லியும் வைத்தார். வியாழன் மாலை அதே பதில். இருபது வருஷமாக என்னத்தைக் கற்றோம் என்று நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் மச்சினன் பேசினான். "மெஷினையெல்லாம் ஏத்திக்கிட்டு லாரி போயிடுச்சு மாமா. ரூமைப் பூட்டி சாவியையும் வாங்கிக்கிட்டாங்க. நீங்க மனசை விடாதீங்க."

"பத்துத் தடவை மாத்தி எழுதினேன்பா. ஒண்ணுகூடப் பிடிக்கலையே."



"மாத்தினீங்களா? ஃபைல் எல்லாம் ஒரே பேர்ல வந்ததால, திரும்பத் திரும்பப் போட்டுப் பாருன்னு சொல்றீங்கன்னு நெனச்சேன் மாமா. முதல் நாள் வந்ததையேதான் தினமும் ஏத்தினேன்."