கரை உடையும் இடம்

நரிப்பாறைக் காலனியின் எண்பது குடும்பங்களுக்கும் துரோகம் செய்தவர் பேராசிரியர் மிக்கேல்ராஜ். அவரிடம் ஆய்வு செய்யும் பிரிஸ்கில்லாவுக்கு இதில் துளிச் சந்தேகமும் இல்லை. நரிப்பாறை ஊராட்சிக்குப் போகவேண்டிய அவளுடைய ஆய்வறிக்கையில், நாலு பிரதியிலும் அறுபத்திரண்டாம் பக்கத்தை மட்டும் உருவி எடுத்துவிட்டார்.

ரெண்டு வருஷ உழைப்பு. காலனியை ஒட்டிய குளத்துத் தண்ணீரைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கணக்குப் போட்டால், கரை உடைந்து நீர் சிதறும்போது கட்டமே கிழிந்துபோகும். அதனால் அவள் தண்ணீரைப் பாசிமணி போல முப்பதாயிரம் மணிகளாக்கிக் கம்ப்யூட்டருக்குள் உருட்டிவிட்டாள். ஒவ்வொரு மணியும் பக்கத்து மணியோடு முட்டி மோதித் தன் வழியைத் தானே பார்த்துக்கொள்ளும்.

மணிகள் சொன்ன முடிவுதான் அந்தப் பக்கம். வடக்கு மடைக்கு முப்பத்தைந்து அடி கிழக்கே கரை உடைந்தால் குளம் வேகமாக வடியும். ஒன்பதே நிமிஷத்தில் காலனிக்குள் கழுத்தளவு தண்ணீர்.

"ஏன் சார் எடுத்தீங்க? கணக்குல தப்பா?"

"கணக்கு சுத்தம்மா."

"பின்னே?"

"கரையைப் பலப்படுத்தணும்னு சொல்ல மீதிப் பக்கமே போதும்."

"பூசி மெழுகாதீங்க சார். ஊராட்சித் தலைவர் தோப்பு இளநீர் அம்புட்டு ருசியா இருக்கோ?"

மிக்கேல்ராஜ் முகம் சிவந்தது. உருவிய தாள்களை மேஜை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினார். அது அவளை இன்னும் உசுப்பியது.

"சரி சார். இன்னைக்கே நூறு ஜெராக்ஸ் எடுத்து, நரிப்பாறையில சித்தையன்கோட்டை பஸ் நிக்கிற இடத்துல நானே நின்னு கொடுக்கிறேன். சனங்களுக்கு உண்மை தெரியட்டும்!"

கதவோரம் தரையைத் துடைத்துக்கொண்டிருந்த மாயம்மாள் நிமிர்ந்தாள். கல்லூரியில் அவர்கள் துறையைப் பெருக்கித் துடைக்கிறவள். வீடு அதே காலனி.

"நீங்களே கேளுங்க மாயக்கா! உங்க உசுருக்காகத்தான் நான் சண்டை போடுறேன்."

"சாரை ஏசாதீங்க பாப்பா. அதை எடுக்கச் சொல்லிக் கெஞ்சுனதே நான்தான்."

"நீங்களா?"

"ஆமா. நான் சொன்னேன்னு வெளியே தெரிஞ்சா ஊருக்குள்ள குடியிருக்க முடியாதுன்னேன். அதான் சார் உங்க பேச்சையெல்லாம் வாங்கிக் கட்டிக்கிட்டு நிக்கிறாரு."

"எதுக்குக்கா?"

மாயம்மாள் ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

"போன வாரம் நீங்க மணி உருட்டிக் காட்டுன அன்னைக்கே சார்கிட்ட ஓடுனேன். எங்க கரை தானா என்னைக்குப் பாப்பா உடைஞ்சுச்சு? அடைமழையில குளம் பெருகித் தோப்பு முங்குதுன்னா, தலைவரு மாதிரி தோப்புக்காரங்க மம்பட்டியோட வந்து எங்க பக்கமா வெட்டி விடுவாங்க. எங்கே வெட்டுனா வெரசா வடியும்னு தெரியாம, மேட்டுல வெட்டி வெட்டி ஓய்ஞ்சு போவாங்க. அதுலதான் நாங்க இம்புட்டு நாளும் பிழைச்சுக் கிடக்கோம். நீங்க என்னடான்னா, எடத்தை அடி அளந்து எழுதி, அவுங்க கையிலேயே கொடுக்கப் பாக்குறீங்களே!"